கவிதையில் அழுவதும் பாட்டில் அழுவதும்: இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது எப்படி

கவிதையையும் இசையையும் ஒப்பிடுவது என்றாலே பலர் நேரே தீர்ப்புக்குப் போய்விடுகிறார்கள். இசைதான் உசத்தி, அதற்கு மொழியே வேண்டாம் என்று ஒரு கட்சி, சொல் இல்லாவிட்டால் அது வெறும் ஓசைதானே என்று இன்னொரு கட்சி. டீக்கடையில் அரை மணி நேரம் நன்றாகப் போகும். எழுந்து வரும்போது யாருக்கும் புதிதாக ஒன்றும் தெரிந்திருக்காது. அதனால் நான் இங்கே தீர்ப்பு எதுவும் சொல்லப்போவதில்லை, செய்து பார்க்க ஒரு வேலை சொல்கிறேன். ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு ஒரு வாரம் அதோடு உட்கார வேண்டும், அவ்வளவுதான். கவிதையாக அது என்ன செய்கிறது, மெட்டில் ஏறியதும் என்ன ஆகிறது, எது கூடுகிறது, எது கைநழுவிப் போகிறது என்பதை நம் காதாலும் கண்ணாலும் நாமே கண்டுபிடிப்பது.

ஒரு தாள், பென்சில், ஃபோனில் இருக்கும் ஸ்டாப்வாட்ச், முடிந்தால் கீபோர்டு ஆப் ஒன்று, இவ்வளவு போதும். சங்கீதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஸ்வரம் என்றால் என்னவென்றே தெரியாதவர்களோடு உட்கார்ந்து இதைச் செய்திருக்கிறேன், நன்றாகவே வந்தது.

எந்தப் பாட்டை எடுப்பது

மெட்டு வருவதற்கு முன்பே கவிதையாக நின்ற ஒன்றாக இருக்க வேண்டும். சினிமாப் பாட்டு வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் அது மட்டம் என்பதல்ல. அங்கே பெரும்பாலும் மெட்டு முதலில் வந்துவிடும், பாடலாசிரியர் அந்த அளவுக்குள் சொல்லை வெட்டி உட்கார வைக்கிறார். அந்தச் சொற்களை மட்டும் தனியாகத் தாளில் எடுத்து வைத்து இது கவிதையா என்று கேட்பது அவருக்குச் செய்கிற அநியாயம். தேவாரம் எடுக்கலாம். பாரதிதாசனின் 'துன்பம் நேர்கையில்' எடுக்கலாம், தேஷ் ராகத்தில் பலரும் பாடிக் கேட்டிருப்பீர்கள், அதில் துன்பத்துக்கு மருந்தாக யாழைத்தானே கேட்கிறார்.

நான் திரும்பத் திரும்ப எடுப்பது பாரதியின் 'ஆசை முகமறந்து போச்சே'. 1917இல் முதல் பதிப்பு வந்த கண்ணன் பாட்டில், 'கண்ணன் என் காதலன்' என்ற வரிசையில், 'பிரிவாற்றாமை' என்ற தலைப்பில் இருப்பது. ஆறு கண்ணி, மொத்தம் 24 வரி. ஒரு தாளுக்குள் அடங்கிவிடும், எல்லோருக்கும் தெரிந்த பாட்டு, பாடியவர்களும் ஏராளம். இன்னொரு முக்கியமான காரணமும் இருக்கிறது, ராகம் பற்றியது, அதைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன்.

முதலில் மெட்டை வாயிலிருந்து எடுக்க வேண்டும்

இதுதான் இருப்பதிலேயே கஷ்டமான வேலை. 'ஆசை முகம்' என்று கண் படித்ததுமே நாக்கு பாட ஆரம்பித்துவிடும், பாட ஆரம்பித்துவிட்டால் நீங்கள் படிக்கவில்லை. இதற்கு நான் செய்வது: கடைசிக் கண்ணியிலிருந்து ஆரம்பித்து மேல்நோக்கி, ஒவ்வொரு கண்ணியாகக் கையால் எழுதுவது. தட்டச்சு வேண்டாம். எழுதும்போது கை மெதுவாகப் போகும், மெட்டுக்கு அந்த வேகம் ஒத்துவராது, தானாகக் கழன்றுவிடும். எழுதி முடித்ததும், எதிரில் ஒரு தோழி உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு, பேச்சுக் குரலில், புகார் சொல்கிற மாதிரி சத்தமாகப் படியுங்கள்.

ஆசை முகமறந்து போச்சே - இதை
ஆரிடம் சொல்வேனடி தோழி?
நேச மறக்கவில்லை நெஞ்சம் - எனில்
நினைவு முகமறக்க லாமோ?

பேச்சுக் குரலில் படித்ததும் முதலில் தட்டுப்படுவது, இவள் 'அவன் போய்விட்டான்' என்று எங்கேயும் அழவில்லை என்பது. பிரிவு ஏற்கெனவே நடந்து பழகிப்போன விஷயம். இப்போது வந்திருப்பது வேறு: மனசு அவனை விடவில்லை, ஆனால் முகம் ஞாபகத்துக்கு வரமாட்டேன் என்கிறது. அடுத்த கண்ணியில் இன்னும் துல்லியமாகச் சொல்கிறாள். கண்ணில் ஏதோ ஒரு தோற்றம் தெரிகிறது, அதில் கண்ணன் அழகு முழுதில்லை. முகத்தின் வடிவம் கிடைத்தால் அந்த 'நல்ல மலர்ச்சிரிப்பைக் காணோம்'.

இந்த இடத்தில் என் அத்தையைச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. கோபி பக்கம் ஒரு கிராமம். மாமா இறந்தபோது வீட்டில் அவர் தனியாக இருக்கும் படம் ஒன்றுகூட இல்லை. ரேஷன் கார்டுக்காக எடுத்த குடும்பப் படத்திலிருந்து முகத்தை மட்டும் பெரிதாக்கி, ஸ்டூடியோவில் அதற்குக் கீழே ஒரு கோட்டை ஒட்டி, சட்டம் போட்டுக் கொடுத்தார்கள். மாமா வாழ்நாளில் கோட் போட்டவர் இல்லை. காரியம் முடிந்து ஒரு மாதம் இருக்கும், அத்தை அந்தப் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டு சொன்னது: "ஆரோ மாதிரி இருக்காருடா கண்ணு. சிரிச்சா எடது பக்கம் ஒரு பல்லு தெரியுமே, அது இதுல எங்க?" அத்தை பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதோடு நின்றவர், கண்ணன் பாட்டெல்லாம் படித்ததில்லை. ஆனால் இரண்டாம் கண்ணி சொல்வது அதே விஷயத்தைத்தான். கடைசிக் கண்ணியில் 'வண்ணப் படமுமில்லை கண்டாய்' என்று வரும்போது எனக்கு அந்தக் கோட் போட்ட படம்தான் நினைவுக்கு வருகிறது. (பாடும்போது பலரும் 'யாரிடம் சொல்வேனடி' என்று பாடிவிடுகிறார்கள். பாரதி எழுதியது 'ஆரிடம்'. எங்கள் ஊரில் இன்றைக்கும் 'ஆரு'தான்.)

அடுத்து பென்சிலை எடுங்கள். 'இல்லை' என்கிற மாதிரி வரும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு கோடு போடுங்கள். மறக்கவில்லை, முழுதில்லை, காணோம், இல்லாமல், வைய முழுதுமில்லை, படமுமில்லை. ஆறு. 'முன்பு கண்டதுண்டோ', 'பயனுண்டோ' என்ற இரண்டு கேள்விக்கும் பதில் இல்லை என்பதுதான், அதையும் சேர்த்தால் எட்டு. இந்தக் கணக்கை ஓரத்தில் எழுதி வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். இன்னொன்றையும் தேடுங்கள்: 'கண்ணீர்' எங்கே வருகிறது, 'அழுகை' எங்கே வருகிறது? எங்கேயும் வரவில்லை. கண் வருகிறது, கண்கள் வருகின்றன, கண்ணன் வருகிறான், 24 வரியில் கண்ணீர் மட்டும் வரவே இல்லை.

அப்புறம் பழைய கருவி ஒன்று. தொல்காப்பியர் மெய்ப்பாடு, அதாவது உடம்பில் வெளிப்பட்டுத் தெரியும் உணர்ச்சி, எட்டு என்கிறார்: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. பரீட்சைக்கு மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோன பட்டியல். ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை, ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கிறது என்று நாலு நாலு காரணம் சொல்கிறார். அழுகைக்குச் சொல்லும் நாலு, 'இளிவே இழவே அசைவே வறுமை'. இளிவு என்றால் தாழ்வுபட்டுப் போவது, இழவு என்றால் இழப்பது, அசைவு என்றால் முன்பிருந்த நிலையிலிருந்து சரிவது, வறுமை தெரிந்ததுதான். ஒரு கவிதையைக் கையில் வைத்துக்கொண்டு 'இது நாலில் எந்த அழுகை?' என்று கேட்டுப் பாருங்கள், பல நேரம் உடனே கதவு திறக்கும். இந்தப் பாட்டை மேலோட்டமாகப் பார்த்தால் இழவு. ஆனால் நாலாம் கண்ணியில் 'பெண்க ளினத்திலிது போலே ஒரு பேதையை முன்புகண்ட துண்டோ' என்று கேட்கிறாளே, அங்கே அது இளிவுக்கு மாறிவிடுகிறது. அவன் இல்லை என்ற துக்கம் பின்னால் போய், நான் இப்படிப்பட்டவளாகிவிட்டேனே என்ற கூச்சம் முன்னால் வந்து நிற்கிறது. எந்த வரியில் மாறுகிறது என்று உங்கள் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். என் கணக்கில் அது அந்தக் கண்ணியின் முதல் வரியிலேயே, 'கண்கள் புரிந்துவிட்ட பாவம்' என்பதில் இருக்கும் 'பாவம்' என்ற சொல்லில்.

இப்போது சொல்லை எடுத்துவிட்டு மெட்டை மட்டும்

இரண்டு நாள் கழித்து ஆரம்பியுங்கள். அதே பாட்டை வயலினிலோ புல்லாங்குழலிலோ வாசித்த பதிவு ஏதாவது தேடி எடுத்துக் கேளுங்கள். கிடைக்கவில்லை என்றால் வாயை மூடிக்கொண்டு நீங்களே 'ம்ம்ம்' என்று முனகி, அதை ஃபோனில் பதிவு செய்து கேளுங்கள். இந்தப் பாட்டைத் தெரியாத, முடிந்தால் தமிழே தெரியாத ஒருவரிடம் போட்டுக் காட்டி, என்ன தோன்றுகிறது என்று கேளுங்கள். ஏக்கம் என்பார்கள், வருத்தம் என்பார்கள், யாரையோ தேடுகிற மாதிரி இருக்கிறது என்பார்கள். யாருமே 'ஒரு பெண்ணுக்குக் காதலன் முகம் மறந்துபோய்விட்டது' என்று சொல்லமாட்டார்கள். மெட்டுக்கு அழுகை தெரியும், நாலில் எந்த அழுகை என்று தெரியாது.

சரி, ராகம். அச்சில் இந்தப் பாட்டுக்கு மேலே போட்டிருக்கும் ராகம் பிலஹரி. நாம் இன்றைக்குக் கேட்டுப் பழகியிருப்பது பெரும்பாலும் ஜோன்புரியில். வித்தியாசம் சின்னதல்ல. பிலஹரி சங்கராபரணம் என்ற தாய் ராகத்தின் வழியில் வரும் ராகம், காலை நேரத்துக்குச் சொல்வார்கள், கேட்டாலே ஜன்னலைத் திறந்துவிட்ட மாதிரி ஒரு வெளிச்சம் இருக்கும். ஜோன்புரி நடபைரவி வழியில் வருவது. பிலஹரியின் காந்தாரம், தைவதம், நிஷாதம் (க, த, நி என்ற ஸ்வரங்கள்) மூன்றும் இதில் அரை ஸ்தானம் கீழே இறங்கிவிடுகின்றன.

இது வெறும் பெயராக இருந்தால் பிரயோசனம் இல்லை, கீபோர்டு ஆப்பைத் திறங்கள். ஏதாவது ஒரு கட்டையை ஸ என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஸ-வை விட்டுவிட்டு, அடுத்த கட்டையிலிருந்து கறுப்பு வெள்ளை எல்லாவற்றையும் சேர்த்து மேலே எண்ணினால் நாலாவது கட்டை அந்தர காந்தாரம், மூன்றாவது கட்டை சாதாரண காந்தாரம். ஸ, நாலாவது, ஸ என்று நாலைந்து தடவை அழுத்துங்கள். அப்புறம் ஸ, மூன்றாவது, ஸ. ஒரே ஒரு கட்டை பக்கத்தில் நகர்ந்தது, அறையின் வெளிச்சமே குறைந்த மாதிரி இருக்கும். முதல் காந்தாரம் பிலஹரியுடையது, இரண்டாவது ஜோன்புரியுடையது.

இப்போது யோசித்துப் பாருங்கள். அதே சொற்கள், அதே பெண், அதே மறதி. பிலஹரியில் பாடினால் அவள் ஏதோ ஆச்சரியத்தோடு, கொஞ்சம் படபடப்போடு, 'அடியே, இதைப் பாரேன், அவன் முகமே எனக்கு மறந்துபோச்சு' என்று தோழியைப் பிடித்து உலுக்குகிற மாதிரி ஆகிவிடுகிறது. ஜோன்புரியில் பாடினால் இரவில் தனியாக உட்கார்ந்து தனக்குத்தானே சொல்லிக்கொள்வது மாதிரி. தோழி பக்கத்தில் இருக்கிறாளா என்பதே சந்தேகமாகிவிடும். தாளில் இருக்கும் பாட்டு இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. பாட ஆரம்பித்ததும் ஏதாவது ஒன்றை எடுத்தாக வேண்டும். எனக்கு ஜோன்புரி மிகவும் பிடிக்கும், எத்தனையோ ராத்திரி அதுதான் துணை. ஆனாலும் பிலஹரி என்று போட்டிருப்பதைப் பார்த்த பிறகு, அந்தப் பெண்ணின் படபடப்பை இத்தனை வருடம் கேட்காமலே இருந்துவிட்டோமே என்றுதான் தோன்றுகிறது. ராகம் பாடத் தெரிந்த நண்பர் இருந்தால் முதல் நாலு வரியை இரண்டிலும் பாடச் சொல்லிக் கேளுங்கள், விட்டுவிடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்த ராகம் சோகம், அந்த ராகம் சந்தோஷம் என்று பட்டியல் போட்டு மனசில் மாட்டிவிடாதீர்கள். 'எப்பப் பார்த்தாலும் முகாரி பாடாதே' என்று வீட்டில் திட்டும் அளவுக்கு முகாரியை அழுகை ராகமாக்கி வைத்திருக்கிறோம். அதே முகாரியில்தான் தியாகராஜர் 'எந்தனினே' என்று சபரி பெற்ற பாக்கியத்தை வர்ணிக்கிறார், இராமனைக் கண்ணாரக் கண்டு, பழம் கொடுத்து, பேறு பெற்றவளை. அங்கே முகாரி நெகிழ்ச்சி, உருகிப்போவது, கிட்டத்தட்ட ஆனந்தம். ராகம் ஒரு கனத்தைக் கொடுக்கிறது, அந்தக் கனத்தில் இருப்பது என்ன என்பதைச் சொல்தான் சொல்ல வேண்டும்.

இதைச் சோதிக்க ஒரு வழி. ஜோன்புரி மெட்டிலேயே 'ஆசை முகம் தெரிந்து போச்சே' என்று மாற்றிப் பாடுங்கள். அளவு சரியாக உட்காரும். அர்த்தம் தலைகீழாகிவிட்டது, மெட்டில் ஒரு மாற்றமும் இல்லை. ரொம்ப நாள் தேடி, கடைசியில் கண்டுபிடித்து, பார்த்ததும் உடைந்து அழுகிற ஒருத்தியாக அவள் ஆகிவிடுகிறாள், அதுவும் பொருந்தத்தான் செய்கிறது! ஓரத்தில் எழுதி வைத்த அந்த எட்டுக்கு இப்போது வாருங்கள். இந்தக் கவிதை முழுக்க 'இல்லை'யால் கட்டப்பட்டது, இசையில் 'இல்லை' என்று சொல்ல ஒரு ஸ்வரம் கிடையாது. ஒரு ஸ்வரத்தை விடலாம், வர்ஜ்யம் என்று ஒதுக்கலாம், ஆனால் 'அவன் சிரிப்பு இதில் இல்லை' என்று வயலின் சொல்லாது. இரண்டுக்கும் நடுவில் இருப்பதிலேயே பெரிய வித்தியாசம் இதுதான் என்பது என் எண்ணம்.

நேரம் யார் கையில்

சொல்லும் மெட்டும் சேர்ந்த பதிவை இப்போது போடலாம், ஸ்டாப்வாட்சோடு. முதல் நாலு வரியை நான் பேச்சுக் குரலில் படிக்க 12 விநாடி ஆகிறது. பாடுபவர்கள் முதல் இரண்டு வரியிலேயே ஒரு நிமிடத்துக்கு மேல் சுலபமாக இருந்துவிடுகிறார்கள், ஒரே வரியைச் சங்கதி (பாடும் விதம்) மாற்றி மாற்றி. எந்தச் சொல்லில் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று தாளில் அந்தச் சொல்லுக்கு மேலேயே எழுதுங்கள். 'ஆசை'யின் ஆ நீளும், 'போச்சே'யின் ஏ நீளும். 'போச்சே'யின் நடுவில் இருக்கும் 'ச்' என்ற எழுத்தை நீட்ட முடியாது, மூச்சு அங்கே முட்டித்தான் ஏகாரத்தில் அவிழும். அந்த முட்டல்தான் எனக்கு இந்த வரியின் உயிர். மறந்துபோனதை ஒத்துக்கொள்ள மனசு வராமல் ஒரு கணம் தொண்டை அடைப்பது ச்-சில் இருக்கிறது.

படிக்கும்போது நேரம் என் கையில். 'வண்ணப் படமுமில்லை' என்ற இடத்தில் நான் நிறுத்தி, மாமா படத்தை நினைத்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து அடுத்த வரியைப் படிக்கலாம். கவிதை காத்திருக்கும். பாட்டு காத்திருக்காது, அது என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். எங்கே நிற்க வேண்டும், எங்கே ஓட வேண்டும் என்பதைப் பாடுபவர் தீர்மானிக்கிறார். யோசிக்க விடமாட்டார்கள், அதனால்தான் யோசிக்க முடியாத நிலைமையில் இருக்கும்போது நமக்குப் பாட்டு வேண்டியிருக்கிறது.

இன்னொன்றைக் கவனியுங்கள். தாளில் 'ஆசை முகமறந்து போச்சே' ஒரே ஒரு தடவைதான் வருகிறது. அதற்கப்புறம் அவள் படிப்படியாகப் போகிறாள்: தோற்றம் தெரிகிறது, சிரிப்பு இல்லை, கண்கள் பாவம் செய்துவிட்டன, தேனை மறந்த வண்டு உலகத்தில் உண்டா, கடைசியில் 'வாழும் வழியென்னடி தோழி?' என்ற கேள்வி. அங்கே முடிகிறது, பதில் இல்லை. பாடும்போது ஒவ்வொரு கண்ணி முடிந்ததும் முதல் வரிக்குத் திரும்புகிறார்கள். கடைசிக் கேள்விக்குப் பிறகும் 'ஆசை முகம் மறந்து போச்சே' என்றுதான் முடியும். கவிதையில் அவள் ஒரு விளிம்பு வரைக்கும் நடந்துபோய் நிற்கிறாள். பாட்டில் கிளம்பிய இடத்துக்கே சுற்றிச் சுற்றி வருகிறாள். துக்க வீட்டில் இருந்தவர்களுக்குத் தெரியும், மனசு உண்மையில் சுற்றித்தான் வரும், காலையில் சொன்னதையே சாயங்காலமும் சொல்லும். அந்த விஷயத்தில் பாட்டு நிஜத்துக்குக் கிட்டே இருக்கிறது. ஆனால் அந்தக் கடைசிக் கேள்வியின் பயங்கரம் தாளில்தான் கிடைக்கும். இரண்டையும் தனித்தனியாக அனுபவித்துப் பார்த்தால்தான் இது தெரியும்.

மெட்டே ஏற்றக்கூடாத கவிதை

எல்லாக் கவிதையையும் பாடிப் பார்க்க வேண்டுமா? வேண்டாம். குறுந்தொகையில் ஆறாவது பாட்டு, பதுமனார் பாடியது, நாலே வரி:

நள்ளென் றன்றே யாமம் சொல்லவிந்து
இனிதடங் கினரே மாக்கள் முனிவின்று
நனந்தலை உலகமும் துஞ்சும்
ஓர்யான் மன்ற துஞ்சா தேனே.

நடு ராத்திரி, ஊர் பேச்சு அவிந்து அடங்கிவிட்டது, இவ்வளவு பெரிய உலகமும் தூங்குகிறது, நான் ஒருத்திதான் தூங்கவில்லை. இதை விளக்கை அணைத்துவிட்டு மெல்லிய குரலில் சொல்லிப் பாருங்கள். 'நள்' என்பதிலேயே ராத்திரியின் ரீங்காரம் இருக்கிறது. 'துஞ்சும்' என்று ம்-இல் உலகம் வாயை மூடிக்கொள்கிறது, 'துஞ்சாதேனே' என்று ஏகாரத்தில் அவள் மட்டும் திறந்தே கிடக்கிறாள். கவிதைக்கு உள்ளேயே ஓசை முழுதாக வேலை செய்துவிட்டது. நம் இலக்கணக்காரர்கள் செய்யுளில் ஓசை குறையும்போது உயிரை நீட்டுவதற்கு இசைநிறை அளபெடை என்று பெயரே வைத்திருக்கிறார்கள், அந்த அளவுக்குச் சொல்லும் இசையும் ஒரே வீட்டில் வளர்ந்தவை.

ஒருமுறை ஆசைப்பட்டு, தம்புரா ஆப்பை மெல்ல ஓடவிட்டு இதைச் சொல்லிப் பார்த்தேன். முதல் வரிக்கு அற்புதமாக இருந்தது, தம்புராவே நள்ளென்றது. நாலாவது வரிக்கு வந்ததும் ஏதோ சரியில்லை. என்ன என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது: தம்புராவும் கூட விழித்திருக்கிறது. 'ஓர் யான்' என்பது பொய்யாகிவிட்டது. இசை எவ்வளவு சோகமாக இருந்தாலும் பக்கத்தில் ஒரு ஆள் இருப்பது மாதிரிதான். தனிமையை முழுசாகச் சொல்ல வேண்டும் என்றால் அதைச் சத்தமில்லாமல் படிப்பதுதான் வழி.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் ஒப்பாரி. தெருமுனையில் நிற்கும்போது சொல் எதுவும் கேட்காது, ராகம் மட்டும்தான் வரும். அது கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் ஒரே இழுவைதான், அதைக் கேட்டே இழவு வீடு என்று தெரிந்துவிடும். கிட்டே போகப் போகத்தான் சொல் தெளிவாகும்: யார் போனது, என்ன வாங்கிக் கொடுத்தார், எதைப் பாதியில் விட்டுப் போனார். மெட்டு ஊருக்குப் பொது, சொல் அந்த ஒரு ஆளுக்கு மட்டும். அந்த மெட்டின் மறைவில் பெண்கள் அண்ணன் செய்யாத சீரையும், மாமியார் வீட்டில் பட்டதையும்கூட இழுத்துச் சொல்லிவிடுவார்கள். வெறும் பேச்சில் அதே வார்த்தை வந்திருந்தால் சண்டை. வாய்ப்பு கிடைத்தால் பெரியவர்களிடம் கேட்டு, இரண்டு வரியாவது சொல்லச் சொல்லி எழுதி வையுங்கள். சும்மா உட்கார்ந்து சொல்லச் சொன்னால் பல பேருக்கு வராது, ராகம் இழுத்தால்தான் வரும் என்பார்கள். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சொந்த உணர்ச்சிக்கு

இதெல்லாம் செய்த பிறகு, மனசில் இருக்கும் ஒன்றை எழுதுவதா, பாடுவதா என்று முடிவெடுப்பது சுலபமாகிவிடும். நான் செய்வது இது. அதற்குக் காரணம் இருக்கிறதா, ஒரு பெயர், ஒரு 'இல்லை', ஒரு 'ஆனால்' அதற்குள் இருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்தால் எழுதுவேன். காரணமே தெரியாமல் நெஞ்சில் ஒரு கனம் மட்டும் இருந்தால் எழுத உட்கார்வது வீண், பொய்யாகத்தான் வரும், அன்றைக்கு முனகிக்கொண்டு நடப்பதுதான் சரி.

பாட்டாகவே எழுதிப் பார்க்க ஆசையா? முதலில் நாலு வரி எழுதுங்கள், உணர்ச்சியின் பெயர் எதுவும் வராமல். அதை வைத்துவிட்டு, சொல்லே இல்லாமல் இரண்டு நிமிடம் முனகிப் பதிவு செய்யுங்கள். ஒரு நாள் ஆறப்போட்டு, மறுநாள் பதிவைக் கேட்டுக்கொண்டே தாளைப் படியுங்கள். முனகல் ஏற்கெனவே சொல்லிவிட்டதைத் தாளில் அடித்துவிடுங்கள். சோகம், வேதனை, கண்ணீர், ஏக்கம் எல்லாம் முதலில் போகும். மெட்டு அழும்போது சொல்லும் சேர்ந்து அழ வேண்டியதில்லை, சொல்லுக்கு வேறு வேலை இருக்கிறது. இடது பக்கம் தெரியும் ஒரு பல்லைச் சொல்ல வேண்டும், மெட்டால் அது முடியாது.

போன வருடம் ஊருக்குப் போயிருந்தபோது அத்தைக்கு இந்தப் பாட்டைப் போட்டுக் காட்டினேன். கடலைக்காய் உரித்துக்கொண்டே கேட்டார். இரண்டாம் கண்ணியில், "நிறுத்து, என்ன சொல்றாங்க, இழுக்கறதுல ஒண்ணும் பிடிபடல, படிச்சுக் காட்டு" என்றார். படித்தேன். கை நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "அத மட்டும் ஒரு சீட்டுல எழுதிக் குடுடா கண்ணு" என்றார், அந்த ஒரு கண்ணியை மட்டும், பெரிய எழுத்தில். எழுதிக் கொடுத்தேன். அப்புறம், பாட்டை மறுபடி முதலிலிருந்து போடச் சொல்லிவிட்டு உரிக்க ஆரம்பித்தார். சீட்டு இன்னும் அந்தக் கோட் போட்ட படத்துக்குப் பின்னால் செருகியிருக்கிறது. பாட்டு அவர் ஃபோனில் இருக்கிறது, வேலை செய்யும்போது வைத்துக்கொள்கிறார்.